சாய்தளம் இருந்த இடம்

மறுநாள் காலையில் வக்கீல் சங்கக் கட்டடத்துக்குத் திறப்பு விழா. வேணுகோபால் விடிந்ததிலிருந்து பேப்பரில் ஒரே செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார்.

"படிச்சது போதும். மூஞ்சியக் காட்டுங்க" என்று தனம் சோப்பு நுரையோடு பக்கத்தில் நின்றாள். அவர் பேப்பரை இறக்கவில்லை.

போன புரட்டாசியில் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துபோனதிலிருந்து கணவருக்குச் சவரம் செய்துவிடுவது தனத்தின் வேலை. கை போயிற்று, கால் பாதி போயிற்று, பேச்சு குழறிற்று. மூளைக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அரியலூரிலும் பெரம்பலூரிலுமாகக் காலம் பூராவும் கோர்ட்டில் நின்று வாதாடிய மனுஷருக்கு அது நல்லதா கெட்டதா என்று தனத்தால் இன்னும் தீர்மானிக்க முடியவில்லை.

"பாப்பா, இங்க வா" என்று கூப்பிட்டார். "இத சத்தமாப் படி. ஒங்கம்மா கேக்கட்டும்."

மகள் வினோதினி கையில் காபியோடு வந்தாள். செய்தி அவள் எழுதி அனுப்பியதுதான். மருதையாறு வழக்கறிஞர்கள் சங்கத்தில் அவள் மக்கள் தொடர்புக்கும் கட்டடப் பணிகளுக்குமான இணைச் செயலாளர். பதவியின் பெயர்தான் நீளம். பேப்பர்காரர்களுக்குச் செய்தி எழுதி அனுப்ப வேண்டும், கழிவறையில் தண்ணீர் வரவில்லை என்றால் பிளம்பரைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. கல்யாணம் முறிந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பி, அப்பாவிடமே ஜூனியராகச் சேர்ந்து, அப்பா படுத்த பிறகு தனியாகக் கோர்ட்டில் நின்று பழகியவள். சங்கத் தேர்தலில் அவள் ஜெயித்தது இந்த வீட்டுக்குள் அண்மையில் வந்த ஒரே நல்ல செய்தி.

அவள் படித்தாள். "முதியோரும் மாற்றுத்திறனாளிகளும் பிறர் உதவியின்றி உள்ளே வந்து செல்ல ஏதுவாக, முகப்பிலேயே சாய்தளம் அமைக்கப்பட்டுள்ளது."

"அது என் வரி" என்றார் வேணுகோபால்.

உண்மைதான். சங்கத்துக்கு அந்த இடத்தைப் போராடி வாங்கியவர் அவர். தலைவராக இருந்தபோது அடிக்கல் நாட்டு விழாவுக்கென்று அவர் எழுதிய குறிப்பிலிருந்து அந்த வரியை வினோதினி அப்படியே எடுத்துப் போட்டிருந்தாள். அப்பாவுக்குத் தெரிந்தால் சந்தோஷப்படுவார் என்று நினைத்துத்தான் போட்டாள்.

"மத்த வரியெல்லாம் ஒன்னோடது. அதான் கொஞ்சம் வளவளன்னு இருக்கு" என்றார் அவர். வாய் ஒரு பக்கமாகச் சிரித்தது.

தனம் சவரத்தை முடித்துத் துண்டால் துடைத்துவிட்டாள். சுவரில் அவருடைய கறுப்புக் கோட்டு சலவையிலிருந்து வந்து தொங்கியது. உடம்பு வற்றிப்போனதால் தையற்காரரிடம் கொடுத்து இரண்டு பக்கமும் பிடிக்கச் சொல்லியிருந்தாள்.

"யாரும் என்னப் புடிக்கக் கூடாது" என்றார் வேணுகோபால். "வாக்கர வச்சிக்கிட்டு நானே ஏறுவேன். சொல்லிப்புட்டேன்."

படி ஏற அவரால் முடியாது. கால் அந்த உயரத்துக்கு எழும்பாது. ஆனால் சரிவில் தேய்த்துத் தேய்த்து ஏறிவிடுவார். அதற்காகவே மகன் அசோக் கொல்லைப்பக்கத்தில் சிமெண்டால் ஒரு சரிவு போட்டுக் கொடுத்திருந்தான். ரெட்டிபாளையம் பக்கம் சிமெண்ட் ஆலையில் இன்ஜினியராக இருப்பவன். பனிக்காலம் முழுவதும் வேணுகோபால் அந்தச் சரிவில் வாக்கரைத் தள்ளிக்கொண்டு ஏறியிருக்கிறார். விழுந்திருக்கிறார். எழுந்து திட்டியிருக்கிறார். மறுபடியும் ஏறியிருக்கிறார். எல்லாம் நாளைக்காக.

வினோதினி காபி டம்ளரைக் கழுவும்போதுதான் அவளுக்கு அந்தச் சந்தேகம் வந்தது. சாய்தளத்தை அவள் கண்ணால் பார்த்திருக்கிறாளா?

வேலை நடந்த நாளெல்லாம் சாரமும் நீலத் தார்ப்பாயுமாக முகப்பு மூடிக் கிடந்தது. அவள் போனபோதெல்லாம் பக்கத்துக் கதவு வழியாக உள்ளே போய்க் கழிவறை, மின்விசிறி, பெண் வக்கீல்கள் அறை என்று பார்த்துவிட்டுத் திரும்பினாள். பிளானில் சாய்தளம் இருந்தது. அதனால் தரையிலும் இருக்கும் என்று எழுதிவிட்டாள். பத்திரத்தில் இருப்பது நிலத்தில் இருக்கும் என்று நம்புவது வக்கீல்களுக்கே வருகிற வியாதி. அதனால்தானே ஊரில் பாதி வழக்கு நடக்கிறது.

"ஒரு எட்டு கட்டடத்தப் பாத்துட்டு வந்துடறேன்ம்மா" என்று ஸ்கூட்டரை எடுத்தாள்.

பெரம்பலூர் சாலையில் சிமெண்ட் லாரிகள் வரிசைகட்டிப் போய்க்கொண்டிருந்தன. வானம் மப்பும் மந்தாரமுமாக இருந்தது. தூரத்திலேயே தெரிந்தது, சாரத்தைப் பிரித்துவிட்டார்கள்.

பள்ளமான இடம் என்பதால் தரையை நன்றாக உயர்த்திக் கட்டியிருந்தார்கள். நடுவில் அகலமான படிகள். வலது பக்கம் நீதிபதியின் கார் வந்து நிற்க இடம். இடது பக்கம், சாய்தளம் இருக்க வேண்டிய இடத்தில், ஆள் உயரத்துக்கு மேல் ஒரு சுவர். சுவர் முழுக்கக் கறுப்புக் கல். அதன்மேல் மஞ்சள் பட்டுத் துணி போட்டு மூடியிருந்தது. கீழே குரோட்டன்ஸ் தொட்டிகள்.

வினோதினி வண்டியை நிறுத்திவிட்டு அப்படியே நின்றாள்.

சங்கத் தலைவர் ராசாங்கம் சீரியல் பல்பு கட்டுகிறவர்களை விரட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "வாம்மா. பேப்பர்ல பிரமாதமா வந்திருக்கு. மாவட்டமே பேசுது."

"சார், ரேம்ப் எங்க?"

"எந்த ரேம்ப்?" என்றவர், சுவரைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அதச் சொல்றியா. அது போடலம்மா. எடம் பத்தல."

"பிளான்ல இருந்துச்சே."

"இருந்துச்சு. பேர் வெட்டற கல்லு மொதல்ல சின்னதாத்தான் இருந்துச்சு. தலைவர், செயலாளர், பொருளாளர். முடிஞ்சது. பொதுக்குழுவுல எந்திரிச்சு, பொம்பளைங்க பேர ஏன் விட்டீங்கன்னு கேட்டது யாரு?"

அவள்தான் கேட்டாள். கட்டடத்துக்காக அலைந்த பெண் வக்கீல்கள் ஒருத்தர் பெயரும் கல்வெட்டில் இல்லை என்று ஒரு மணி நேரம் சண்டை போட்டு வாங்கினாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து சொன்னபோது அப்பா இடது கையால் மேஜையைத் தட்டிப் பாராட்டினார்.

"நீ கேட்டது நியாயம்" என்றார் ராசாங்கம். "பொம்பளைங்க பேர் போட்டா மத்தவன் சும்மா இருப்பானா? செயற்குழு மொத்தத்துக்கும் போடுன்னான். பழைய தலைவருங்க பேரப் போடுன்னான். கல்லு பெருசாச்சு. கல்லு பெருசானா செவுரு வேணும், செவுத்துக்கு எடம் வேணும்."

"வேற பக்கம் வச்சிருக்கலாமே சார்."

"பின்னாடி வச்சா எவன் பாப்பான்?"

"பிளான மாத்தறதுன்னா கமிட்டியில வச்சிருக்கணுமே."

"வச்சோம். 'முகப்பில் தேவையான மாற்றங்கள் செய்து கொள்ள'ன்னு தீர்மானம். வழிமொழிஞ்சது நீதாம்மா."

அவளுக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு ஒரு ஜாமீன் மனு அவசரம். கூட்டத்தின் நடுவில் எழுந்து, வாசல் அருகில் நின்றபடியே கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினாள். கட்சிக்காரர்களிடம் 'படிக்காம கையெழுத்துப் போடாதீங்க' என்று தினம் சொல்கிறவள்.

"அண்ணன நெனச்சுப் பாக்கல" என்றார் ராசாங்கம். அவர் முகத்தில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. அவரும் ஒரு காலத்தில் வேணுகோபாலுக்குக் கேஸ் கட்டுத் தூக்கிய ஜூனியர்தான். "நம்ம பசங்க சேரோட தூக்கி மேடையில உக்கார வச்சிடுவாங்க. மொத மரியாத அவருக்குத்தான். அப்புறம் ஒண்ணு, பேப்பர்ல வந்தது வந்துருச்சு. மறுப்பு கிறுப்புன்னு எதையும் அனுப்பிடாத. நாளைக்கு வரவேற்புரை நீதான் பேசற."

அவள் ஸ்கூட்டரைத் திருப்பினாள். வழியில் ஓரமாக நிறுத்தித் தம்பிக்குப் போன் செய்தாள். அழுகையை அடக்கிக்கொண்டு பேசினாள்.

அசோக் ஷிப்ட் முடிந்த கையோடு, சட்டையெல்லாம் சிமெண்ட் தூசியாக வந்து சேர்ந்தான். அடுக்களையில் அம்மா, அக்கா, தம்பி மூவரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள்.

"பலகை போட முடியாதாடா?" என்றாள் வினோதினி.

"நான் அந்த வழியாத்தான் பாத்துட்டு வரேன். அந்த ஒசரத்துக்குப் பலகை போட்டா செங்குத்தா நிக்கும்க்கா. வாக்கரோட மல்லாந்துடுவாரு. நீளமாப் போடலாம்னா அந்தச் செவுரு மறிக்குது."

"அப்பாட்ட எப்புடிடா சொல்றது?"

"சொல்ல வேணாம். காலையில கூட்டிட்டுப் போயிடுவோம். எங்க பிளான்ட்லேருந்து மூணு பசங்கள வரச் சொல்லியிருக்கேன். நான் ஒருத்தன். அலுங்காமத் தூக்கிடலாம். எத்தன தடவ சொன்னேன், நீயும் அப்பாவும் என்னோட குவார்ட்டர்ஸுக்கு வந்துடுங்கன்னு. இந்தச் சங்கம், கோர்ட்டு எல்லாத்தையும் விட்டாதான் அவருக்கு நிம்மதி."

தனம் குழம்பை இறக்கி வைத்தாள். "அதெல்லாம் அப்புறம் பேசலாம். மெதுவாப் பேசு."

மெதுவாகத்தான் பேசினார்கள். ஆனால் அது ஓட்டுக் கூரை போட்ட பழைய வீடு. கூடத்திலிருந்து குரல் வந்தது.

"அசோக். யார யாரு தூக்கறது?"

மூவரும் கூடத்துக்கு வந்தார்கள். வேணுகோபால் சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பேப்பர் இன்னும் மடியிலேயே கிடந்தது.

வினோதினி அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். "அங்க ரேம்ப் இல்லப்பா. போடவே இல்ல. நான் பாக்காம எழுதிட்டேன்."

அவர் பேப்பரை எடுத்து அந்த வரியை மறுபடி பார்த்தார்.

"அப்பா, சேரோட தூக்கிடலாம்ப்பா. ஒரு நிமிஷ வேல" என்றான் அசோக்.

"நாலு பேரு தூக்கிட்டுப் போற நாளு எப்படியும் ஒண்ணு வரும்" என்றார் வேணுகோபால். ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பேசினார். "அதுக்கு முன்னாடி ஒருதரம் எனக்கு வேணாம்."

தனம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"வண்டிய எடு" என்றார் மகனிடம். "நான் பாக்கணும்."

யார் சொல்லியும் கேட்கவில்லை. அசோக் காரை எடுத்தான். வினோதினி பின்னால் ஏறிக்கொண்டாள். அவரை முன் சீட்டில் உட்காரவைத்துக் கட்டடத்துக்கு வந்து சேர்ந்தபோது மழை தூறத் தொடங்கியிருந்தது. சீரியல் பல்புகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பச்சையும் சிவப்புமாக மாறி மாறி அவர் முகத்தில் வெளிச்சம் விழுந்தது.

ராசாங்கம் நனைந்துகொண்டே ஓடி வந்தார். கார் ஜன்னலில் குனிந்தார். "அண்ணே, இந்த மழையில எதுக்குண்ணே?"

"துணிய வெலக்கு."

"அண்ணே, நாளைக்கு நீதிபதி வந்து தெறக்கறதுண்ணே. முன்கூட்டியே..."

"வெலக்கு ராசாங்கம்."

அந்தக் குரலில் குழறல் இல்லை. பழைய கோர்ட் குரல் எங்கிருந்தோ கொஞ்சம் வந்துவிட்டிருந்தது. ராசாங்கம் போய் அவர் கையாலேயே பட்டுத் துணியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கறுப்புக் கல்லில் பொன் எழுத்துகள். எல்லாவற்றுக்கும் மேலே 'இடம் பெற்றுத் தந்த முன்னாள் தலைவர்' என்று போட்டு வேணுகோபாலின் பெயர். அவர் அதைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. கண்கள் கீழே இறங்கிக்கொண்டே போயின. ஒவ்வொரு பெயரையும் படித்தார். அவரிடம் தொழில் கற்றவர்கள், அவரோடு மோதியவர்கள், செத்துப்போனவர்கள், நேற்று வக்கீலாகப் பதிவு செய்தவர்கள். கடைசி வரிசைக்கு முந்தின வரிசையில் அவர் கண் நின்றது.

"ஒன் பேரு நல்லா வந்திருக்கு பாப்பா" என்றார்.

கேலி இல்லை. மெய்யாகவே சொன்னார். அப்பா திட்டியிருந்தால் வினோதினி தாங்கியிருப்பாள். பின் சீட்டில் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அசோக் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நம்ம கட்சிக்காரங்க யாரு?" என்று வேணுகோபால் கேட்டார். யாரைக் கேட்கிறார் என்று தெரியவில்லை. "நெலத்த பறிகொடுத்துட்டுக் கோல் ஊனிக்கிட்டு வர்ற கெழவனுங்க. ஜெயங்கொண்டத்துலேருந்தும் பூலாம்பாடியிலேருந்தும் பஸ் ஏறி வர்றவங்க. வக்கீலப் பாக்க அவங்க எப்படி ஏறுவாங்க? அதுக்குத்தான் அத வரைஞ்சேன். அப்ப எனக்குக் கால் நல்லாத்தான் இருந்துச்சு."

பிறகு, "வூட்டுக்குப் போ" என்றார்.

ராசாங்கம் துணியை விட்டுவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். கார் நகர்ந்துவிட்டது.

வீட்டில் தனம் விளக்கேற்றி வைத்திருந்தாள். வேணுகோபால் சாப்பிட மறுத்தார். சுவரில் தொங்கிய கறுப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகளைக் கூப்பிட்டார்.

"வக்காலத்து ஒண்ணு எடு."

"யாருக்குப்பா?"

"எனக்கு. சங்கத்து மேல."

அசோக் எழுந்துவிட்டான். "என்னப்பா பேசறீங்க? உங்க சங்கத்து மேல நீங்களே வழக்குப் போடறதா? எந்த வக்கீல் வருவான்? சங்கத்து மேல கேஸுன்னா உறுப்பினர் யாரும் ஆஜராகக் கூடாதுன்னு ரூலு இருக்குன்னு நீங்கதானே சொல்வீங்க."

"அந்தத் தீர்மானத்தப் போட்டதே நான்தான். எனக்குத் தெரியாதா."

"நாளைக்கு விழாவ நிறுத்தணுமாப்பா?" என்று கேட்டாள் வினோதினி.

"விழா நடக்கட்டும். எல்லாம் ஆசையா இருப்பானுங்க. நான் வரல, அவ்வளவுதான். திங்கக்கெழம போடலாம். செவுத்த எடுத்துட்டு ரேம்ப் போடணும். வேற ஒண்ணும் கேக்கல." மூச்சு வாங்கினார். "தீர்ப்பு வர்றப்ப நான் இருக்க மாட்டேன். தெரிஞ்சுதான் போடறேன்."

"வாய வச்சிக்கிட்டு சும்மா இருங்க" என்றாள் தனம்.

வினோதினி அலமாரியிலிருந்து, வக்கீலை நியமிக்கும் வக்காலத்துத் தாளை எடுத்து வந்தாள். அப்பாவின் பெயரையும் தகப்பனார் பெயரையும் எழுதினாள். எதிர்த்தரப்பில் சங்கத்தின் பெயரை எழுதினாள். கையெழுத்துக்கு வந்ததும் பேனாவை அவரிடம் நீட்டினாள். பழக்கம்.

அவர் வலது கையைப் பார்த்தார். அது மடியில் கிடந்தது.

"மை டப்பாவ எடுத்துட்டு வா" என்றார்.

இந்த வீட்டில் அந்த மை டப்பாவுக்கு எப்போதும் வேலை இருந்திருக்கிறது. எழுதத் தெரியாத கட்சிக்காரர்கள் வந்தால் வேணுகோபால்தான் எழுந்து போய் அவர்கள் கையைப் பிடிப்பார். ஜூனியர்களை விடமாட்டார். பயத்தில் விறைத்துக்கொள்கிற விரலைப் பிடித்துக்கொண்டு ஒரே வார்த்தை சொல்வார். அதைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவள் வினோதினி.

அவருடைய இடது கட்டை விரலைப் பிடித்து மையில் ஒற்றினாள். அந்த விரலும் விறைத்துக்கொண்டது.

"கைய தளத்திக்குங்க" என்றாள். "நான் புடிச்சிக்கறேன்."

அவர் மகளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கையைத் தளர்த்தினார். அவள் விரலைத் தாளில் உருட்டி எடுத்தாள். ரேகை தெளிவாக விழுந்தது. வேணுகோபாலின் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைக்க ஒரு கை எழும்பாது, மறு கையில் மை.

அதற்குக் கீழே வக்கீலின் பெயர் எழுத வேண்டிய கோடு காலியாக இருந்தது.

அசோக் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா எழுதினா பொறுப்ப ராஜினாமா பண்ணணும். அதோட விடமாட்டாங்க, சங்கத்த விட்டே தள்ளி வச்சிடுவாங்க. அப்புறம் எவன்ப்பா இவளுக்குக் கேஸு குடுப்பான்?"

"அவளுக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதாங்க" என்றாள் தனம்.

வேணுகோபால் மகளைக் கட்டாயப்படுத்தவில்லை. வெகுநேரம் அந்தக் காலிக் கோட்டையே பார்த்தார்.

"வேற யாரும் வரமாட்டாங்க பாப்பா" என்றார் கடைசியில். "எழுதறதுன்னா எழுது. கல்லுல இருக்கற அதே பேருதான்."

மேஜையில் செல்போன் அதிர்ந்தது. திரையில் ராசாங்கத்தின் பெயர். வரவேற்புரை பற்றிப் பேசக் கூப்பிடுவார், அல்லது இந்நேரம் வேறு ஏதாவது யோசித்திருப்பார். வினோதினி பேனாவின் மூடியைத் திறந்தாள். போனையும் எடுக்கவில்லை, பெயரையும் எழுதவில்லை. தனம் கணவரின் கட்டை விரலைச் சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தாள். மை போகவில்லை.